வேலூர் வட்டாரப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பணி, உதவிப் பணி தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலூரில் பல்கலைக்கழக வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறில்தான் தொடங்குகிறார்கள். ஒரே ஒரு ரெஸ்யூமைத் தயாரித்து, விஐடிக்கும் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும் சிஎம்சிக்கும் பொது முகவரியில் அனுப்பிவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பணிகள் அப்படி நிரப்பப்படுவதில்லை. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி ஒப்புதலாகிறது. அந்த நிதியில் ஆள் சம்பளத்துக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. அதிலிருந்துதான் அவர் ஆள் எடுக்கிறார்.

ஆகவே பணம் எந்தத் துறைக்கு, யார் பெயரில் வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தேடலில் பாதி. ஆனால் அதற்கும் முன்னால் கோப்பு தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் கடைசி நாள் போய்விடும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எந்த வகை வேலை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் வேலைகள் மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

முதல் வகை ப்ராஜெக்ட் பணி. ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ), ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், ஃபீல்ட் ஒர்க்கர் ஆகியவை இதில் அடங்கும். தொகுப்பூதியம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆளைத் தேர்வு செய்வதில் ஆய்வாளரின் சொல்தான் முக்கியம்.

இரண்டாவது, நிறுவனத்தின் சொந்தப் பணி: லேப் டெக்னீஷியன், நூலக உதவியாளர், அலுவலக உதவியாளர், கணினிப் பிரிவு, விடுதி நிர்வாகம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பணியாளர் துறை வழியே ஆள் எடுக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் முறையான அறிவிப்பும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் உண்டு. அங்கே ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிப் பயனில்லை.

மூன்றாவது, ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் பணி. பாதுகாப்பு, துப்புரவு, சில இடங்களில் டேட்டா என்ட்ரியும் இதில் சேரும். சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். அடையாள அட்டையில் பல்கலைக்கழகப் பெயர் இருந்தாலும், பின்னாளில் அனுபவச் சான்றிதழ் ஒப்பந்ததாரரிடமிருந்துதான் வரும். அந்தச் சான்றிதழை நம்பிப் பிறகு வேறு வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் படிப்பு எந்தப் பெயருக்குப் பொருந்தும்?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020 ஜூலையில் ப்ராஜெக்ட் பணிகளுக்கான பெயர்களையும் சம்பளத்தையும் வகுத்தது. மத்திய அரசு நிதியில் நடக்கும் பெரும்பாலான திட்டங்கள் அதையே பின்பற்றுகின்றன.

அந்த 2020 பட்டியல்படி, எந்தப் பட்டம் படித்தவரும் ஃபீல்ட் ஒர்க்கர் அல்லது அறிவியல் நிர்வாக உதவியாளர் பணிக்குப் போகலாம்: மாதம் ரூ.18,000. பி.எஸ்சி. அல்லது மூன்றாண்டு பொறியியல் டிப்ளமோ இருந்தால் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்: ரூ.20,000. எம்.எஸ்சி. அல்லது பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கு ப்ராஜெக்ட் அசோசியேட் - 1. இதில் நெட், கேட் போன்ற தேசியத் தேர்வில் தகுதி பெற்றவருக்கு ரூ.31,000, பெறாதவருக்கு ரூ.25,000. இவை எல்லாவற்றுக்கும் வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் ரூ.37,000, வாடகைப்படி தனி. அறிவிப்பில் அச்சாகியிருக்கும் தொகையே கடைசிச் சொல். தனியார் நிதியில் நடக்கும் திட்டங்களில் இது மாறும்.

வயதையும் பாருங்கள். ப்ராஜெக்ட் அசோசியேட் பணிக்கு உச்ச வயது 35. ப்ராஜெக்ட் அசிஸ்டென்டுக்கும் ஃபீல்ட் ஒர்க்கருக்கும் 50. கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்கள் ‘வயது போய்விட்டது’ என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். 42 வயது பி.எஸ்சி. பட்டதாரிக்கு ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் கதவு திறந்தே இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

நெட், கேட் தகுதியால் அதே பணிக்கு அந்த 2020 பட்டியல்படி மாதம் ரூ.6,000 கூடுகிறது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

3. கோப்பைக் கட்டி வையுங்கள்

ஒரு கோப்பில் ஒரிஜினல்கள், இன்னொரு கோப்பில் சுய கையொப்பமிட்ட ஜெராக்ஸ் மூன்று செட், போனில் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பிடிஎஃப். பத்தாம் வகுப்பு முதல் கடைசிப் பட்டம் வரையுள்ள மதிப்பெண் பட்டியல்கள், ப்ரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், முந்தைய பணி அனுபவச் சான்றிதழ், ஆறு புகைப்படம். இது அடிப்படை. மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

பெயர். தமிழ்நாட்டில் இன்ஷியல்தான் பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். பிரியா’, பட்டச் சான்றிதழில் ‘பிரியா எஸ்.’, ஆதாரில் ‘பிரியா செல்வம்’ என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு வங்கிக் கணக்கோடு பெயர் பொருந்தாவிட்டால் முதல் மாதச் சம்பளமே நின்றுபோகும்.

சாதிச் சான்றிதழ். தமிழக அரசின் பிசி, எம்பிசி சான்றிதழை வைத்து மத்திய அரசு நிதித் திட்டத்தில் ஓபிசி வயது தளர்வு கேட்க முடியாது. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியே வரும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள்.

மதிப்பெண் சதவீதம். அறிவிப்பில் 60 சதவீதம் என்றிருக்கும்; உங்கள் பட்டியலில் சிஜிபிஏ மட்டும் இருக்கும். பத்தால் பெருக்கிப் போட்டுவிடாதீர்கள். எப்படி மாற்றுவது என்று உங்கள் பல்கலைக்கழகமே விதி வைத்திருக்கும். அதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

அலுவலகப் பணிக்குப் போகிறவர்கள் தட்டச்சுத் தேர்ச்சிச் சான்றிதழையும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபிஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழையும் முன்னமே வாங்கி வைப்பது லாபம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (உயர்நிலைத் தட்டச்சு) முடித்தவர்களுக்குப் போட்டி குறைவு.

4. பணம் எங்கே வந்திருக்கிறது என்று தேடுங்கள்

முதலில் ஊர்வாரியாகப் பட்டியல் போடுங்கள். காட்பாடிப் பக்கம் விஐடி, ஆக்சிலியம் கல்லூரி. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். வேலூர் நகரிலும் பாகாயத்திலும் சிஎம்சி வளாகங்கள். பாகாய வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் உண்டு. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். ஓட்டேரியில் முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி. கொஞ்சம் தள்ளிப் போனால் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி. பல்கலைக்கழகம் என்ற பெயர் இல்லாத இடங்களிலும் நிதி வரும், அங்கே போட்டியும் குறைவாக இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் இருமுறை பாருங்கள். திங்களும் வியாழனும் என்று கிழமை குறித்துக்கொண்டால் விட்டுப்போகாது. பல அறிவிப்புகளில் கடைசி நாளுக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ப்ராஜெக்ட் அறிவிப்பு சில நேரம் துறைப் பக்கத்தில் ஒற்றைப் பக்க பிடிஎஃப்பாக மட்டும் கிடக்கும்.

இந்த இரண்டையும் எல்லோரும் செய்கிறார்கள். அடுத்து வருவதைச் செய்கிறவர்கள் குறைவு, பலன் கிடைப்பதும் அங்கேதான்.

மருந்து, தடுப்பூசி, சிகிச்சை தொடர்பான ஆய்வுகளை சிடிஆர்ஐ என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். யாரும் இலவசமாகத் தேடலாம். ‘வேலூர்’ என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் எந்த ஆய்வு, எந்தத் துறை, தலைமை ஆய்வாளர் யார், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள் என்பது வரை கிடைக்கும். அதில் ‘நாட் யெட் ரெக்ரூட்டிங்’ (இன்னும் சேர்க்கத் தொடங்கவில்லை) என்று இருக்கிறதா பாருங்கள். அது நோயாளிகளைச் சேர்ப்பதைப் பற்றிய குறிப்பு. வேலைக்கு ஆள் எடுப்பது பற்றியது அல்ல. ஆனால் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கும் முன் அந்த ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளரும் களப்பணியாளரும் வேண்டும். ஆகவே அந்த வரியைப் பார்த்தால் அங்கே விரைவில் ஆள் தேவைப்படலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதிவேட்டில் வராத மற்ற ஆய்வுகளுக்கு, நிதி தரும் அமைப்புகளின் ஒப்புதல் பட்டியலைப் பாருங்கள்: ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு), டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சி), ஐசிஎஸ்எஸ்ஆர் (சமூக அறிவியல் ஆராய்ச்சி), தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம். முன்பு எஸ்இஆர்பி என்று இருந்ததுதான் இப்போது ஏஎன்ஆர்எஃப்புக்குள் போயிருக்கிறது. பட்டியலில் வேலூர் நிறுவனத்தின் பெயர் வந்தால் ஆய்வாளர் பெயரையும் திட்டத் தலைப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒப்புதலாகி முதல் தவணை வந்து சேர்வதற்குள் அறிவிப்பு வந்துவிடாது. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

5. அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்

‘அவசியத் தகுதி’, ‘விரும்பத்தக்க தகுதி’ என்று இரண்டு இருக்கும். அவசியத் தகுதியில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பிக்காதீர்கள், பரிசீலனையிலேயே தள்ளப்படும். விரும்பத்தக்க தகுதி இல்லையென்று பயந்து விலகவும் வேண்டாம். அவை எல்லாம் உள்ளவர் கிடைப்பது அரிது என்று ஆய்வாளருக்கே தெரியும்.

‘தொடர்புடைய பாடம்’ என்ற சொல்லில் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். பயோகெமிஸ்ட்ரி கேட்ட இடத்தில் பயோடெக்னாலஜி செல்லுமா என்பதை ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டால் பதில் வரும். கேட்காமல் போய் வாக்-இன் (நேரடி நேர்காணல்) வாசலில் திரும்புகிறவர்கள் ஏராளம்.

வயதும் அனுபவமும் எந்தத் தேதிப்படி கணக்கிடப்படும் என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி நாள். சிலவற்றில் நேர்காணல் நாள். அனுபவத்தை மாதக் கணக்கில் போடுங்கள். ‘பட்டத்துக்குப் பிந்தைய அனுபவம்’ என்றிருந்தால் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் செலவிட்ட ஆறு மாதம் அதில் சேராது.

6. ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல்

அறிவிப்பு வரும் முன்பே, நோட்டில் குறித்த ஆய்வாளருக்கு எழுதலாம். ஆங்கிலத்தில், நிறுவன முகவரிக்கு, ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல். இருபது பேரை ஒரே வரிசையில் போட்டு அனுப்பினால் இருபது பேரும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

தலைப்பிலேயே எல்லாம் தெரிய வேண்டும். ‘வேலை வேண்டி’ என்று எழுதாமல், இந்தப் பொருள் வரும்படி எழுதுங்கள்: ‘ப்ராஜெக்ட் அசோசியேட் பணி குறித்து: எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கேட் தகுதி, ஆகஸ்ட் முதல் சேர முடியும்’.

உள்ளே நான்கு வாக்கியம் போதும். அவருடைய எந்தத் திட்டத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள். அதற்குப் பயன்படும் எந்த வேலையை உங்கள் கையால் செய்திருக்கிறீர்கள். எப்போது சேர முடியும். ரெஸ்யூம் இணைப்பில் உள்ளது. ‘உங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்’ என்பதை வெட்டிவிட்டு, ‘ஆறு மாதம் இ-கோலை பாக்டீரியாவை வளர்த்து ஆன்டிபயாட்டிக் டிஸ்க் டெஸ்ட் செய்திருக்கிறேன்’ என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம்.

ரெஸ்யூம் இரண்டு பக்கம். பிடிஎஃப் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும். பரிந்துரைப்பவர் என்று இரண்டு பேரைக் குறிப்பிடும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

7. நேர்காணலில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்

ஆய்வகப் பணிக்குக் கணக்குதான் முதல் சல்லடை. ‘0.5 மோலார் சோடியம் குளோரைடு 250 மில்லி தயாரிக்க எவ்வளவு உப்பு?’ மூலக்கூறு எடை 58.44. அதை 0.5ஆலும் 0.25 லிட்டராலும் பெருக்கினால் 7.305 கிராம். இத்தோடு நிறுத்தாதீர்கள். 200 மில்லி தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு 250 வரை நிரப்புவேன் என்று சொல்லுங்கள். 250 மில்லியை அளந்து அதில் உப்பைப் போட்டால் மொத்த அளவு கூடிவிடும். கேள்வி கேட்பவர் காத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அதைச் சொல்கிறவர் பெஞ்சில் நின்று வேலை செய்தவர் என்று தெரிந்துவிடும்.

அதேபோல 50 எக்ஸ் (50 மடங்கு செறிவுள்ள) டிஏஇ பஃபரிலிருந்து 1 எக்ஸ் ஒரு லிட்டர் என்றால் 20 மில்லி பஃபர், 980 மில்லி தண்ணீர். சென்ட்ரிஃப்யூஜில் ஆர்பிஎம்முக்கும் (நிமிடச் சுழற்சி) ‘ஜி’க்கும் (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை) உள்ள வித்தியாசம் கேட்பார்கள். ரோட்டர் ஆரம் 10 செ.மீ. என்றால் 3,000 ஆர்பிஎம் ஏறக்குறைய 1,000 ஜி. ஆரம் மாறினால் அதே ஆர்பிஎம்மில் விசை மாறும். ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு கருவிக்கும் ‘நீங்களே இயக்கினீர்களா, பார்த்தீர்களா?’ என்ற கேள்வி வரும். பார்த்ததைப் பார்த்தேன் என்றே சொல்லுங்கள். பொய் இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும்.

களப்பணிக்கு வேறு சல்லடை. கணியம்பாடி, கே.வி.குப்பம் வட்டாரங்களில் சிஎம்சியின் சமூக மருத்துவப் பிரிவுகள் பல காலமாக வேலை செய்கின்றன. அங்கெல்லாம் வீடு வீடாகப் போக வேண்டும். இருசக்கர வாகன லைசென்ஸ் பெரும்பாலும் கேட்பார்கள். வேலூர் நகருக்குள் உருது, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசத் தெரிந்தால் அதை ரெஸ்யூமின் முதல் பாதியிலேயே எழுதுங்கள். மொழி தெரியாமல் கேட்கும் கேள்விக்குத் தப்பான பதில் பதிவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, ‘எதிரே இருப்பவரை ஒரு தாய் என்று நினைத்துக் கேளுங்கள்’ என்பார்கள். ‘குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?’ என்று படித்தால் பல தாய்மார்கள் இல்லை என்பார்கள். ‘நேத்து காலையிலேர்ந்து இன்னிக்குக் காலைக்குள்ள எத்தனை தடவை தண்ணியா போச்சு?’ என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால்தான் அது வயிற்றுப்போக்கு என்ற வரையறையை மனத்தில் வைத்துக்கொண்டு, மக்கள் பேச்சில் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும், கைநாட்டோடு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஜிசிபி என்னும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே முடித்துச் சான்றிதழ் வாங்கலாம்.

அலுவலகப் பணிக்கு எக்செல்லில் சிறு சோதனை, ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ப்ராஜெக்ட் கணக்கு என்றால் ஜெம் என்னும் அரசுக் கொள்முதல் தளத்தில் பொருள் வாங்குவது, நிதியாண்டு முடிவில் அனுப்பும் யூசி என்னும் பயன்பாட்டுச் சான்றிதழ் இவற்றைப் பற்றிக் கேட்பார்கள். நூலகப் பணிக்கு கோஹா மென்பொருள். அதை வீட்டுக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம்.

வாக்-இன் என்றால் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய்விடுங்கள். பாகாயமா, நகர வளாகமா என்று அறிவிப்பில் மறுபடி பாருங்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கித் தப்பான வளாகத்துக்குப் போனால் பதிவு நேரம் முடிந்துவிடும்.

8. பணி நியமன ஆர்டர் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது? மூன்றாண்டுத் திட்டத்தில் இரண்டரை ஆண்டு போயிருந்தால் உங்களுக்கு மிச்சம் ஆறு மாதம்தான். அடுத்த தவணை வந்துவிட்டதா? தவணை தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். சில இடங்களில் நிறுவனம் முன்பணம் தந்து சமாளிக்கும், சில இடங்களில் தராது. இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாத வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறவருக்கு இது வாழ்க்கைக் கேள்வி.

சொன்ன தொகையில் வாடகைப்படி சேர்ந்திருக்கிறதா, தனியா? பிஎச்.டி. பதிவு செய்ய அனுமதி உண்டா? விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? மூன்றையும் ஆர்டரில் எழுத்தில் பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்வோம் என்றால் காரணத்தையும் ரசீதையும் கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் வேலைக்கு இடைத்தரகர் என்று ஒருவர் கிடையாது.

9. சேர்ந்த நாளும் விலகும் நாளும்

சேர்ந்த அன்றே ஜாய்னிங் ரிப்போர்ட்டின் நகலில் துறை முத்திரை வாங்குங்கள். சம்பளம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்காகும். முதல் வாரமே லேப் நோட்டில் பக்க எண்ணும் தேதியும் போடப் பழகுங்கள். பின்னால் கட்டுரையில் உங்கள் பெயர் வர வேண்டுமா என்ற பேச்சு வந்தால், நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் அதுதான்.

விலகும்போது அனுபவச் சான்றிதழில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: பணியின் சரியான பெயர், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும், திட்டத் தலைப்பு, நிதி தந்த அமைப்பின் ஒப்புதல் எண். ‘இங்கே பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை அடுத்த நிறுவனம் ஏற்பதில்லை. ஆய்வாளரின் கையெழுத்தோடு பதிவாளர் அல்லது ஆராய்ச்சிப் பிரிவின் முத்திரையும் வாங்குங்கள். பாக்கி எதுவும் இல்லை என்னும் நோ-டியூஸ் படிவம் நூலகம், ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று சுற்றி வர ஒரு வாரமாவது ஆகும். மார்ச் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். அப்போது கணக்குப் பிரிவில் எல்லோர் மேசையிலும் நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் வேலை குவிந்திருக்கும்.